பாசாங்கு செய், வேஷம் போடு, ரீல் விடு

'பாசாங்கு' என்பதற்கு ஒத்த சொல் கேட்டால் நடிப்பு, வேடம், பாவனை, போலி, பகட்டு, பம்மாத்து என்று மளமளவென வந்து விழும். தேர்வுத் தாளில் அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. எழுத உட்காரும்போதுதான் வம்பு தொடங்கும். "தூங்குவது போல ______ செய்தான்." இந்தக் கோட்டில் பாசாங்கைப் போடலாம், பாவனையைப் போடலாம். போலியைப் போட்டால் வாக்கியம் நொண்டும். பகட்டைப் போட்டால் படிப்பவர் சிரிப்பார். வேடத்தைப் போட்டால் 'செய்தான்' போய் 'போட்டான்' வர வேண்டும். வந்தாலும் அர்த்தம் வேறெங்கோ போய்விடும்.

அகராதியைப் புரட்டுவதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. இந்தப் பெயர்ச்சொற்கள் ஒவ்வொன்றும் எந்த வினையோடு குடித்தனம் நடத்துகிறது என்று பாருங்கள். பொய் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை வினையே காட்டிக்கொடுத்துவிடும்.

'விடு' வந்தால் பொய் வாயில் இருக்கிறது. ரீல் விடுவது, கதை விடுவது, சரடு விடுவது, உதார் விடுவது, பீலா விடுவது, யாழ்ப்பாணத்தில் புலுடா விடுவது எல்லாம் இந்த வகை. 'போடு' வந்தால் பொய் உடம்பின் மேல் ஏறியிருக்கிறது: வேஷம் போடுவது, முகமூடி போடுவது. சீன் போடுவதும் இங்கேதான் சேர்த்தி. சீனுக்கு நடை, உடை, கறுப்புக் கண்ணாடி எல்லாம் வேண்டுமே. 'காட்டு' வந்தால் பார்க்க ஒரு ஆள் கட்டாயம். பாவ்லா காட்டுவது, பம்மாத்து காட்டுவது, படம் காட்டுவது, பூச்சாண்டி காட்டுவது எதையும் ஆளில்லாத அறையில் செய்ய முடியாது. 'ஆடு' வந்தால் திட்டம் போட்டு, நாள்கணக்கில், சில சமயம் பல பேரைச் சேர்த்துக்கொண்டு நடக்கிறது: நாடகமாடுவது. 'அடி' கொஞ்சம் முரட்டு வினை. கப்சா, ஜம்பம் என்று வாய்வீச்சுகளோடு சேரும், 'விடு'வுக்குத் தம்பி. 'செய்', 'பண்ணு' இரண்டும் பாசாங்குக்கு. 'பந்தா' மட்டும் காட்டு, விடு, பண்ணு என்று எல்லா வீட்டிலும் சாப்பிடும்.

வினையை மாற்றினால் ஆளே மாறிவிடுகிற சொற்களும் உண்டு. சண்டைக் காட்சியில் நாயகனுக்குப் பதில் மாடியிலிருந்து குதிப்பவர் 'டூப் போடுகிறார்'. அது உயிரைப் பணயம் வைக்கும் தொழில். 'டூப் விடுகிறவர்' குதிப்பதில்லை, குதித்ததாகச் சொல்கிறவர். நாடகம் போடுவது சபா வேலை, நாடகமாடுவது ஏமாற்று. தெருக்கூத்துக்காரர் 'வேஷம் கட்டுகிறார்'. கட்டு என்ற வினையில் ஒரு வசவும் ஒட்டாது. அதே ஆளைப் பற்றி 'வேஷம் போடுறார்' என்று தெருவில் யாராவது சொன்னால், கூத்தைப் பற்றிச் சொல்கிறாரா குணத்தைப் பற்றிச் சொல்கிறாரா என்று திரும்பக் கேட்க வேண்டியிருக்கும்.

பாசாங்கு சின்னச் சொல். அதன் ஆயுள் சில நிமிடங்கள், மிஞ்சினால் ஒரு பொழுது. தூக்கம், வயிற்றுவலி, காது கேளாமை, மறதி, வேலை மும்முரம் ஆகியவைதான் அதன் வழக்கமான சரக்கு. பத்து வருடம் நல்லவன் போல இருந்து வயதானவரிடம் சொத்தை எழுதி வாங்கியவனைப் 'பாசாங்கு செய்தான்' என்று எழுதினால், குற்றத்தைத் தள்ளுபடி விலைக்கு விற்றதாகிவிடும். அங்கே கபடம், வேஷம், நாடகம் எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

பாசாங்கின் முன்னால் 'போல'வும் வரும், 'ஆக'வும் வரும். 'தூங்குவது போலப் பாசாங்கு செய்தாள்' என்றால் உடம்புதான் பேசுகிறது. 'தலைவலி இருப்பதாகப் பாசாங்கு செய்தாள்' என்றால் வாயாலும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள் என்று படுகிறது. 'தூக்கத்தைப் பாசாங்கு செய்தாள்' என்று இரண்டாம் வேற்றுமையோடு வருவது மொழிபெயர்ப்பிலிருந்து கசிந்த வழக்கு, காதுக்கு ஒட்டவில்லை. ஆளுக்கும் செயலுக்கும்தான் பாசாங்கு, பண்டத்துக்கு இல்லை. பாசாங்குச் சிரிப்பு உண்டு, பாசாங்கு நகை கிடையாது. எதிர்மறையாக்கினால் பாராட்டாகிவிடும்: பாசாங்கற்ற எழுத்து, பாசாங்கில்லாத மனிதர். நூல் மதிப்புரைகளில் இந்த இரண்டும் தேய்ந்து ஓட்டையாகிவிட்டன, இன்னும் ஐந்து வருடம் ஓய்வு கொடுக்கலாம்.

பேச்சிலோ இந்தச் சொல் அபூர்வம். 'தூங்குற மாதிரி நடிக்கிறான்' என்பதே வீட்டு வழக்கு. தூங்குறவனை எழுப்பலாம், தூங்குற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்ற சொலவடையில்கூட நடிப்புதான் வருகிறது. ஒன்றும் அறியாதவர் போல இருப்பவருக்கு இன்னும் கூர்மையாக 'ஒண்ணும் தெரியாத பாப்பா, போட்டுக்கிட்டாளாம் தாப்பா' என்றும், 'இந்தப் பூனையும் பால் குடிக்குமா' என்றும் சொல்வார்கள். எழுத்தில் பாசாங்கு, வாயில் நடிப்பு. உரையாடல் எழுதும்போது பாத்திரத்தின் வாயில் பாசாங்கைத் திணித்தால் அவர் தமிழாசிரியராக மாறிவிடுவார்.

பாவனை பாசாங்குக்கு மிக நெருங்கிய உறவு, ஆனால் குற்றம் சாட்டாது. முகபாவனை என்பதில் பொய்யே இல்லை. வேறொன்றாகத் தன்னை நினைத்துக்கொள்வது பாவிப்பது. மூதுரையில் கான மயில் ஆடக் கண்ட வான்கோழி 'தானும் அதுவாகப் பாவித்து' பொல்லாச் சிறகை விரிக்கிறது. வான்கோழி யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை; தன்னையே மயில் என்று நம்பிவிட்டது, பாவம். அந்த இடத்தில் 'பாசாங்கு செய்து' என்று மாற்றிப் பாருங்கள், வான்கோழி அயோக்கியனாகிவிடும். இன்னொரு எச்சரிக்கை: இலங்கையில் பாவனை என்றால் பயன்பாடு. 'போதைப்பொருள் பாவனை' என்று கொழும்புச் செய்தியில் பார்த்தால் யாரோ போதையில் இருப்பதாக நடிக்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே பாவனையாளர் என்பவர் நுகர்வோர்.

அடுத்தது பண்டங்கள். தமிழில் இதற்கு மூன்று அடைமொழிகள் இருக்கின்றன: போலி, கள்ள, பொய். மூன்றையும் ஒன்றாக நினைப்பதில்தான் நிறைய எழுத்து சறுக்குகிறது.

போலி என்பது அசலைப் போல இருந்து அசலின் இடத்தைப் பிடிப்பது. போலி மருந்து, போலி மருத்துவர், போலிச் சான்றிதழ், போலிப் பத்திரம். அதைப் பார்க்கிறவர் நம்பினால்தான் அது வேலை செய்யும். கள்ள என்பதில் திருட்டு வாடை: கள்ள நோட்டு, கள்ள ஓட்டு, கள்ளச் சாவி. கள்ளச் சாவி பூட்டைத் திறக்கும், கள்ளச் சாராயம் போதை தரும்; தோற்றம் பொய்யில்லை, உரிமைதான் இல்லை. நோட்டுக்கு மட்டும் தோற்றமும் பொய், உரிமையும் இல்லை, ஆனாலும் வழக்கில் அது கள்ள நோட்டுதான். கள்ள ஒன்றுக்குத்தான் கொஞ்சல் முகமும் உண்டு. கள்ளச் சிரிப்பு குறும்பு. கள்ள மௌனம் அப்படியில்லை. தெரிந்தும் வாய் திறக்காத அரசியல்வாதிக்கு உரியது.

பொய் இவற்றில் மிக அப்பாவி. பொய்க்கால் குதிரையைப் பார்த்து யாரும் ஏமாறுவதில்லை. பொய்க்கோபம் என்றால் கோபப்படுகிறவருக்கும் தெரியும், எதிரே நிற்பவருக்கும் தெரியும், அதில்தான் அதன் சுவை. அதையே போலிக் கோபம் என்று எழுதினால் மனைவியின் ஊடல் மேடைப் பேச்சாளரின் ஆவேசமாகிவிடுகிறது.

தங்க முலாம் பூசிய நகையைக் கடையில் 'போலி நகை' என்று கேட்டால் கடைக்காரர் முகம் சுளிப்பார். அதற்குப் பெயர் கவரிங். சிதம்பரம் கவரிங் என்று ஊர்ப் பெயரோடு பெருமையாகவே விற்கிறார்கள், ஏனென்றால் கவரிங் என்று சொல்லியே விற்கிறார்கள். அதே நகையை அடகுக் கடையில் தங்கம் என்று வைக்கும்போதுதான் அது போலி நகை. பொருள் மாறவில்லை, சொன்ன சொல் மாறிவிட்டது.

இலக்கணத்திலும் ஒரு போலி உண்டு. பந்தல் பந்தர் ஆவதும், முகம் முகன் ஆவதும் கடைப்போலி. ஐந்து என்பது அஞ்சு என்று எல்லா எழுத்தும் மாறி நிற்பது முற்றுப்போலி. இங்கே எழுத்து மாறும், பொருள் மாறாது. சந்தைப் போலியில் தோற்றம் மாறாது, உள்ளே இருப்பது மாறிவிடும். ஒரே சொல்லுக்கு இப்படி நேர் எதிரான இரண்டு வேலை. பலகாரக் கடைப் பலகையில் 'சூடான பருப்பு போலி' என்று எழுதியிருப்பது இந்த இரண்டிலும் சேராது. அது போளி, ளகரம். தேங்காய்ப் போளியைப் போலியாக்கிய பலகைகள் ஊருக்கு நாலு இருக்கும்.

புகார் மனு எழுதுகிறவர்கள் இந்தச் சொற்கள் எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். 'அவர் வேஷம் போட்டு என்னை ஏமாற்றினார்' என்பது காவல் நிலையத்தில் வெறும் புலம்பல். இன்னொருவர் பெயரில் வந்தாரா? அது ஆள்மாறாட்டம். 2019இல் நீட் தேர்வை ஒருவருக்குப் பதில் இன்னொருவர் எழுதிய விவகாரத்தில் செய்தித்தாள்களில் அடிபட்ட சொல் இதுதான். ஒப்படைத்த பணத்தைச் சுருட்டினாரா? நம்பிக்கை மோசடி. தாளைத் தயாரித்தாரா? போலி ஆவணம். ஏமாற்றுக்காரரை 'ஃபோர் ட்வென்டி' என்பது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவிலிருந்து வந்த பட்டம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்து, அந்தக் குற்றம் 318ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுவது 319. 'த்ரீ எய்ட்டீன்' என்று யாரும் திட்டக் காணோம். பட்டம் பழைய எண்ணிலேயே நிற்கிறது.

வேடமும் வேஷமும் ஒரே சொல்லின் இரண்டு உடுப்பு. எழுத்திலும் பக்தியிலும் வேடம், வாயிலும் வசவிலும் வேஷம். சைவத்தில் திருநீறும் சடையும் 'திருவேடம்', அதுவே வணங்கத்தக்கது. திருக்கோவலூர் அரசர் மெய்ப்பொருள் நாயனாரைக் கொல்ல வரும் பகைவன் முத்தநாதன் மெய்யெல்லாம் நீறு பூசி, புத்தகக் கட்டுக்குள் படையை மறைத்துக்கொண்டு வருகிறான். 'மைபொதி விளக்கே என்ன மனத்தினுள் கறுப்பு வைத்து' என்கிறார் பெரியபுராணத்தில் சேக்கிழார். அது 'பொய்த்தவ வேடம்' என்று அவரே சொல்லிவிடுகிறார். குத்துப்பட்ட அரசனோ அந்த வேடத்துக்காகவே கொலைகாரனைப் பத்திரமாக ஊர் எல்லை கடத்தி விடச் சொல்கிறான். வேடம் பொய்யானாலும் வேடத்தின் மதிப்பு பொய்யாகாது என்ற இந்த நிலைப்பாட்டை 'வேஷம்' என்ற சொல்லை வைத்துச் சொல்லவே முடியாது.

பகல்வேஷம் என்பது உண்மையான ஒரு கலை. தெய்வ வேடம் கட்டிக்கொண்டு பட்டப்பகலில் வீடு வீடாகப் போவார்கள். இன்று அந்தச் சொல் கூசாமல் செய்யும் ஏமாற்றுக்குப் பெரும்பாலும் வசவாகவே மிஞ்சியிருக்கிறது. இரட்டை வேடம் இன்னும் வேடிக்கை. சினிமாப் பக்கத்தில் அது அண்ணன் தம்பி இருவராகவும் ஒரே நடிகர் வருவது. அரசியல் பக்கத்தில் தில்லியில் ஒன்று, சென்னையில் ஒன்று பேசுவது. அதையே சண்டை இல்லாமல் சொல்ல நினைப்பவர்கள் 'இரட்டை நிலைப்பாடு' என்பார்கள்.

குறளில் 273ஆவது பாட்டில் புலித்தோலைப் போர்த்திக்கொண்டு மேய்வது பசு. நம் வழக்கில் அது தலைகீழாகி, 'பசுத்தோல் போர்த்திய புலி' ஆகிவிட்டது. இரண்டையும் கலக்கக் கூடாது. உள்ளே வலுவில்லாமல் வெளியே மிரட்டுகிறவர் குறளின் பசு. உள்ளே பல்லை வைத்துக்கொண்டு வெளியே சாதுவாக நிற்பவர் வழக்கின் புலி. 'ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய்' விவிலியத்திலிருந்து வந்தது, பொருளில் புலிக்குப் பங்காளி. ருத்திராட்சப் பூனையும் இதே குடும்பம்தான். அதைப் பார்க்க வேண்டுமானால் மாமல்லபுரம் போகலாம். அர்ச்சுனன் தபசு பாறையில், பின்கால்களில் நின்று முன்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனையும் பக்கத்தில் எலிகளும் உண்டு. ஆஷாடபூதி என்ற வசவு பஞ்சதந்திரத்திலிருந்து வந்தது. சீடனாகச் சேர்ந்து குருவின் பணத்தைத் திருடியவன் பெயர் அது. ஆகவே அதைச் சும்மா பெருமையடிக்கிறவருக்குச் சூட்டக் கூடாது. நம்ப வைத்துக் கவிழ்த்தவருக்கே பொருந்தும்.

கண்ணீரில் இரண்டு சாதி. பழையனூர் நீலி பேய். இடுப்பில் கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி வைத்துக்கொண்டு, ஒரு வணிகனைக் காட்டி, இவர்தான் என் கணவர் என்று ஊர் வேளாளர் முன் அழுதாள். அவர்கள் நம்பி, வணிகனுக்கு உயிர்ப்பிணை சொல்லி அவளோடு அனுப்பினார்கள். விடிந்தால் அவன் பிணம். சொன்ன சொல்லுக்காக 70 வேளாளரும் தீயில் இறங்கினார்கள் என்பது திருவாலங்காட்டுப் பக்கத்துக் கதை. ஆகவே நீலிக்கண்ணீர் ஒரு ஆயுதம், எதிரே இருப்பவரை ஒரு காரியம் செய்ய வைக்கும் கண்ணீர். முதலைக் கண்ணீர் காரியம் முடிந்தபின் வருவது. விழுங்கியவரே துக்கம் விசாரிப்பது. உதவித்தொகையை நிறுத்தியவர் பயனாளிக்காக வருந்தினால் முதலை. கூட்டணியில் இடம் வாங்க அழுதால் நீலி. முதலை வெளியிலிருந்து வந்த சரக்கு. நம் ஊரில் அந்த வேலையைப் பார்த்தது ஓநாய்: ஆடு நனைகிறதே என்று அழுமே, அதுதான்.

ஒவ்வொரு சமயத்தின் தமிழும் இதற்குத் தனிச் சொல் வைத்திருக்கிறது. கிறிஸ்தவத் தமிழில் மாயமும் மாய்மாலமும். பரிசேயர் என்ற யூத சமயப் பிரிவினரை இயேசு திட்டும் இடத்தில் தமிழ் விவிலியம் சொல்வது 'மாயக்காரர்'. வெள்ளையடிக்கப்பட்ட கல்லறைகள் என்பதும் அங்கிருந்துதான். இஸ்லாமியத் தமிழில் முனாஃபிக் என்பவர் நயவஞ்சகர். ஊர் பார்க்கச் செய்யும் வழிபாட்டுக்கு அங்கே 'முகஸ்துதி' என்ற பெயரும் உண்டு. மற்றவர்களுக்கு முகஸ்துதி என்றால் எதிரே நிற்பவரைப் புகழ்வது. வெள்ளிக்கிழமைத் தொழுகையின் ஜும்ஆ உரையை வெளியார் கேட்டால் இந்த இடத்தில் தடுமாறுவார். வடமொழித் தம்பமும் தடம் மாறிய சொல். அங்கே வஞ்சகம், கபட பக்தி. டம்பமும் டாம்பீகமுமாகத் தமிழுக்கு வந்தபின் வெறும் ஆடம்பரம். படாடோபமும் பகட்டும் அதற்குப் பக்கத்து வீடு. இவை எல்லாம் இருப்பதைப் பெருக்கிக் காட்டுவது, பாசாங்கு இல்லாததைக் காட்டுவது.

பசப்பின் கதை தனி. குறளில் 119ஆம் அதிகாரம் முழுக்கப் பசப்பு. பிரிந்தவன் நினைவில் தோல் நிறம் மாறும் பசலை. உடம்பு மறைக்க நினைத்தும் மறைக்க முடியாத உண்மை அது. இன்று பசப்புவது என்றால் இனிக்க இனிக்கப் பேசி ஏமாற்றுவது. பொய் சொல்லவே முடியாத தோலுக்கு இருந்த பெயர் இன்று பொய் சொல்லும் நாக்குக்கு. பெண்களை மட்டும் பார்த்து இதை வீசும் பழக்கம் இருக்கிறது. வீட்டுமனை விற்கும் ஆண்களுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும்.

யாழ்ப்பாணத்தில் பம்மாத்து நாள்தோறும் புழங்கும் சொல். பணம் சம்பந்தப்பட்ட தில்லுமுல்லுக்கு அங்கே பெயர் சுத்துமாத்து. 'என்னைப் பேய்க்காட்டாதை' என்றால் என்னை ஏமாற்றாதே. இங்கே வேற்றுமையைக் கவனியுங்கள். பூச்சாண்டி, பாவ்லா, போக்கு எல்லாம் ஒருவருக்குக் காட்டுவது, நான்காம் வேற்றுமை. பேய்க்காட்டுவது மட்டும் ஒருவரை. 'எனக்குப் பேய் காட்டாதே' என்று எழுதினால் நிஜப் பேய் வந்துவிடும். போக்கு காட்டுவதில் ஏமாற்றுக்காரர் தேவையே இல்லை என்பதும் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களின் கைங்கரியம். வனத்துறைக்குச் சிறுத்தை போக்கு காட்டும், விவசாயிக்கு மழை போக்கு காட்டும்.

ஏமாற்றுகிறவரே இல்லாத பொய்த்தோற்றமும் உண்டு. கானல்நீர், கயிற்றில் பாம்பு. கானல்நீருக்குப் பழைய பெயர் பேய்த்தேர். கானல் என்று தனியாக வந்தால் கடற்கரைச் சோலையாகவும் இருக்கலாம், அவசரப்பட வேண்டாம். சுந்தர காண்டத் தொடக்கத்தில் கம்பர் கயிற்றை விட்டு, 'அலங்கலில் தோன்றும் பொய்ம்மை அரவு' என்று மாலையில் பாம்பைக் காண்கிறார். இவற்றுக்கெல்லாம் 'தோன்று', 'மயங்கு' என்ற வினைகள்தான். செய், போடு, விடு எதுவும் வராது, செய்ய ஆள் இல்லையே.

முடிவுக்கும் தனித்தனி வினை இருக்கிறது. வேஷம் கலையும். சாயம் வெளுக்கும். முகத்திரை கிழியும். குட்டு உடையும். நாடகம் அம்பலமாகும். வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறும். 'சாயம் கிழிந்தது', 'முகத்திரை உடைந்தது' என்று தலைப்பு வைக்கிறவர்கள் துணியையும் பானையையும் கண்ணால் பார்த்ததில்லை போலிருக்கிறது. பாசாங்குக்கு மட்டும் இப்படி நிலைத்த வினை எதுவும் இல்லை. இமை லேசாகத் துடிக்கும், பக்கத்தில் இருப்பவர் 'சரி, எந்திரி' என்பார். அவ்வளவுதான்.